22 பேர் வந்துபோன வீடு

போன சனிக்கிழமை இரவு 11.45 மணிக்கு எங்கள் ஹால் தரையில் குப்புறப் படுத்து, கன்னம் தரையில் படும்படி தலையைச் சாய்த்துக்கொண்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். விருந்து முடிந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கடைசியாகக் கிளம்பியவர் நாற்காலியை நகர்த்தும்போது கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து நொறுங்கியது. "அதனால என்ன, நீங்க பார்த்துப் போங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன். கதவைச் சாத்தியதும் சிரிப்பும் போய்விட்டது.

பெரிய துண்டுகளால் தொல்லை இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பொறுக்கி, பழைய செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று எழுதிக் குப்பையில் போட்டாயிற்று. எழுதுவது குப்பை அள்ளுபவரின் கைக்காக. கடுகளவு துகள்கள்தான் ஆளைப் படுத்தும். நின்றபடி பார்த்தால் அவை தரையோடு தரையாகக் கலந்துவிடும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையிலேயே வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால், ஒவ்வொன்றும் மின்னிக்கொண்டு, பின்னால் நீளமாய் ஒரு நிழலோடு தெரியும். நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். துடைக்கும் துணியைத் தொடவில்லை. துகள் துணியில் ஏறிவிட்டால் அடுத்த நாள் பிழியும்போது உள்ளங்கையில் இறங்கும். அது எனக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது.

"போதும்டி, எழுந்து வந்து படு. காலைல பெருக்கிக்கலாம்" என்றாள் அக்கா.

"காலைல உன் பையன் 6 மணிக்கே வெறுங்காலோட ஓடுவான்க்கா."

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு டார்ச்சோடு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். மொத்தம் 17 துகள். ஒன்று, டம்ளர் விழுந்த இடத்திலிருந்து எட்டடி தள்ளி சோபாவுக்கு அடியில் கிடந்தது. அதே இடத்தில் ஒரு காகித டம்ளர், வெடித்த பலூனின் ரப்பர், ஒற்றைத் தோடு ஆகியவையும் கிடந்தன.

விருந்துக்கு முந்தைய மூன்று நாள் நான் செய்த வேலைகளில் எதெல்லாம் உருப்படியானது என்று அங்கே படுத்த வாக்கிலேயே கணக்குப் போட்டேன். பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சமையல் அவள் பொறுப்பு, வீடு என் பொறுப்பு. ஆரம்ப காலத்தில் யாராவது வருகிறார்கள் என்றாலே எனக்குப் பேய் பிடித்துவிடும். பரணை இறக்குவேன், பீரோவுக்குப் பின்னால் துடைப்பேன், ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவித் துடைப்பேன். மூன்று நாள் கழித்து விருந்தாளிகள் வரும்போது கண்ணெல்லாம் எரியும், பேச வாய் வராது. ஒருவர்கூட அந்தப் பரணை அண்ணாந்து பார்த்ததில்லை. கழிவறையில் மாற்றுச் சோப்பு இல்லை என்பதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

இப்போது வேறு மாதிரி. முந்தின நாள் மாலை, வாசலுக்கு வெளியே போய் நின்று, விருந்தாளி மாதிரி உள்ளே வருவேன். பையை எங்கே வைப்பது, குடையை எங்கே சாத்துவது என்று தேடுவேன். அவர்கள் உட்காரப்போகிற நாற்காலியில் உட்கார்ந்து எதிரே என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சிரித்தால் சிரியுங்கள், மூடியின் மேல் இரண்டு நிமிடம் உட்காருவேன். விருந்தாளி தனியாக, அவசரமில்லாமல் சுற்றுமுற்றும் பார்க்கிற ஒரே இடம் அதுதான். குழாயடியில் கறை, கண்ணாடியில் தெறித்த பற்பசை, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, மாற்றுத் தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா. வீட்டுக்காரர்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அலமாரியில் கிடந்தால் அவற்றையும் எடுத்து உள்ளே வைப்பேன். பெருக்கித் துடைக்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 40 நிமிடத்தை இங்கேயே செலவழிப்பேன்.

ஹாலில் நான் செய்வது துடைப்பதைவிட ஒழித்துப் போடுவதுதான். மேசை மேல் உடையக்கூடியது, ஆடக்கூடியது, விலை மதிப்பில்லாதது எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கூடைகளில் வாரிப்போட்டு என் படுக்கையறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவேன். அன்றைக்கு அந்த அறை பலி. ஒரு முறை வண்டிச் சாவியும் அப்படியே ஒரு கூடைக்குள் போய், நான்கு நாள் கழித்துப் பழைய பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அதிலிருந்து எதை எந்தக் கூடையில் போட்டேன் என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்கள் நடமாட்டம் தனிக் கதை. வீட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் எல்லோரும் சமையலறை வாசலில்தான் வந்து நிற்பார்கள். "ஏதாவது உதவி வேணுமா" என்று ஒருவர் வருவார், அவரோடு பேச இன்னொருவர், அவரைத் தேடி மூன்றாமவர். அக்கா கையில் சூடான பாத்திரத்தோடு "வழி, வழி" என்று கத்துவாள். வரக்கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. தண்ணீரும் குளிர்பானமும் டம்ளரும் இருக்கும் மேசையை ஹாலின் எதிர்மூலைக்கு மாற்றினேன். கூட்டம் தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சாப்பாடு ஒரு மூலை, குடிப்பது ஒரு மூலை. இரண்டுக்கும் நடுவே நாற்காலிகளைச் சுவரோரமாக இல்லாமல் மூன்று நான்காகச் சேர்த்துப் போட்டால் போதும். வந்த எல்லோருக்கும் நாற்காலி வேண்டியதில்லை. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்துவிடுவார், ஹால் மருத்துவமனை வரவேற்பறை மாதிரி ஆகிவிடும். வயதானவர்களுக்கு மட்டும் கையுள்ள நாற்காலியாகத் தனியே போட்டுவிடுவேன்.

குப்பைத் தொட்டியை ஒளித்து வைக்காதீர்கள். அழகு கெடுகிறது என்று நானும் ஒளித்து வைத்தவள்தான். விருந்தாளிக்குத் தொட்டி தெரியவில்லை என்றால் காலி டம்ளரைப் புத்தக அலமாரியில் வைப்பார், ஜன்னல் விளிம்பில் வைப்பார், பூந்தொட்டிக்குள் செருகுவார். இப்போது இரண்டு பெரிய தொட்டிகள், ஒன்று குடிக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஒன்று சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், மூடி இல்லாமல். குடித்து மீந்ததை ஊற்றப் பக்கத்திலேயே ஒரு வாளி. தொட்டியின் அடியில் நான்கைந்து வெற்றுப் பைகளை மடித்துப் போட்டு, அவற்றின் மேல் பையை விரிப்பேன். நிரம்பியதும் தூக்கிக் கட்டினால் அடுத்த பை அங்கேயே இருக்கும். விருந்து நடுவில் பை தேடி அலைகிற வேலை மிச்சம். டம்ளர் மேல் பெயர் எழுத ஒரு மார்க்கர் பேனாவும் வைத்தேன். போன வருடம் 20 பேருக்கு 70 டம்ளர் தீர்ந்தது. இந்த முறை 22 பேருக்கு 31.

சூட்டைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 22 பேர் என்றால் 2,200 வாட். ஒரு பெரிய ரூம் ஹீட்டரை ஹால் நடுவில் போட்ட மாதிரி. அதோடு அடுப்பு. அதனால் ஆட்கள் வந்து புழுங்கிய பிறகு ஜன்னலைத் திறப்பதில் பயனில்லை. அரை மணி நேரம் முன்பே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டுவிட வேண்டும்.

சத்தமும் அப்படித்தான். ஒருமுறை கறை படும் என்று பயந்து தரைவிரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, திரைச்சீலைகளையும் துவைக்கக் கழற்றிப்போட்டிருந்தேன். வெறும் சுவரும் தரையும். 15 பேர்தான் வந்தார்கள், சந்தைக்கடை மாதிரி இரைச்சல். பின்னால்தான் காரணம் படித்தேன். சுற்றிலும் சத்தம் கூடக்கூட, நம்மை அறியாமலே நாமும் குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதை 1911இல் எழுதிவைத்தார். இன்றைக்கும் லொம்பார்டு விளைவு என்றே பெயர். ஒருவர் உயர்த்த, பக்கத்தவர் அதற்குமேல் உயர்த்த, அது ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போகும். துணிதான் சத்தத்தை உறிஞ்சும். இப்போது விரிப்பு அதன் இடத்திலேயே கிடக்கிறது, அதன் மேல் பழைய போர்வை ஒன்று. எல்லோரும் வந்து சேர்ந்ததும் பாட்டின் சத்தத்தை ஒரு படி குறைத்துவிடுவேன். குறைத்தது யாருக்கும் தெரியாது, பேச்சு மட்டும் தணியும்.

மின்சாரத்துக்கு ஒரே வரி: கெட்டிலையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். நாங்கள் செருகி, ஹாலை இருட்டாக்கி, அதை எல்லோரும் ஏதோ திடீர் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அக்காவுக்கும் எனக்கும் வருடா வருடம் நடக்கும் சண்டை, மீந்த சாப்பாடு. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. அறையே 32 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்றால் 1 மணி நேரம்தான். விருந்து நாளில் மேசை மேல் 4 மணி நேரம் திறந்து கிடக்கும். "மோந்து பார், நல்லாத்தானே இருக்கு" என்பாள் அக்கா. உடம்புக்கு ஆகாத கிருமி எல்லாம் வாசனை காட்டிக்கொண்டு வருவதில்லை. இந்த வருடம் ஒருவழியாகச் சமாதானம் ஆனது. எல்லாவற்றையும் ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காமல் சின்னச் சின்னப் பாத்திரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மேசைக்கு அனுப்பினோம். மீதி சமையலறையில் சூடாகவோ ஃப்ரிட்ஜில் குளிராகவோ இருந்தது. அதனால் கொட்ட வேண்டி வந்தது மேசையில் கிடந்த கொஞ்சம்தான். மிச்சத்தை ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி வைத்தோம். பெரிய பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அத்தனை டப்பாக்களுக்கும் ஃப்ரிட்ஜில் இடம் வேண்டுமே, அதற்காகத்தான் விருந்துக்கு முந்தின நாளே இரண்டு தட்டுகளைக் காலி செய்து வைக்கிறேன். ஆறிய பிறகு இடம் தேடினால் ராத்திரி முழுக்க மேடையிலேயே கிடக்கும்.

சரி, எல்லோரும் போயாயிற்று. அந்த நேரத்தில் முழு வீட்டையும் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை உண்டு, பொறாமை இல்லை. நான் இரவில் செய்வது கொஞ்சம்தான். சாப்பாட்டை உள்ளே வைப்பது. டம்ளர்களில் மிச்சமிருக்கும் திரவத்தை எல்லாம் கொட்டிவிடுவது, ஏனென்றால் எறும்பு காலைக்காகக் காத்திருக்காது. குப்பைப் பைகளைக் கட்டி வெளியே வைப்பது. பாத்திரங்களை ஊறப்போடுவது. பாலும் முட்டையும் மாவும் ஒட்டியவற்றை முதலில் பச்சைத் தண்ணீரில், எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் சோப்பும் கலந்து. எடுத்த எடுப்பில் வெந்நீரை ஊற்றினால் முட்டை பாத்திரத்திலேயே வெந்து இறுகும். பெருக்குவது, துடைப்பது, நாற்காலி அடுக்குவது எல்லாம் காலைக்கு.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு, தூக்கக் கலக்கத்தில், பொரித்த எண்ணெய் அரை லிட்டரை சிங்க்கில் ஊற்றி, கூடவே வெந்நீரையும் ஊற்றினேன். கரைந்து போய்விடும் என்று நினைப்பு. சூடு இருக்கும்வரைதான் அது ஓடும். குழாய்க்குள் கொஞ்ச தூரம் போய் ஆறியதும் சுவரில் படிந்துவிடும். அதில் துணுக்குகள் ஒட்டும், அவற்றில் இன்னும் துணுக்குகள். மூன்றாம் நாள் சிங்க் நிரம்பி, பாத்திரம் கழுவிய தண்ணீர் எதிர்த்து வந்தது. ஒரு வீட்டுக் குழாய்க்கே இந்தக் கதி. 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். எடை ஏறக்குறைய 130 டன். சமையலறைகளிலிருந்து வந்த கொழுப்பும், கழிவறைகளில் போட்டு ஃப்ளஷ் செய்த ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகியது. அதில் ஒரு துண்டை அடுத்த வருடம் அருங்காட்சியகத்திலேயே வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது எண்ணெய் ஆறியதும் பழைய பாட்டிலுக்குப் போகிறது, தட்டில் ஒட்டியது காகிதத்தால் துடைத்த பிறகுதான் தண்ணீரைப் பார்க்கிறது. கழிவறையில் மூடி போட்ட குப்பைக்கூடை வைப்பதும் இதற்காகவே.

கறைகளில் இந்த முறை இரண்டு. சோபாவில் திராட்சை ஜூஸ். கொட்டியவர் பதறிப்போய்க் கைக்குட்டையால் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார். நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் அரண்டுவிட்டார். தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கிப் பரவும். உலர்ந்த வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, எடுத்து, வேறு பக்கம் மடித்து மறுபடி அழுத்த வேண்டும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. அப்புறம் குளிர்ந்த தண்ணீரை ஒற்றி மறுபடி உறிஞ்ச வேண்டும். 10 நிமிடம் ஆனது. இன்றைக்குப் பார்த்தால் எங்கே கொட்டியது என்று எனக்கு மட்டும் தெரியும். இரண்டாவது, மேசை விரிப்பில் மெழுகுவத்தி மெழுகு. அதைச் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது. ஐஸ் கட்டியை மேலே வைத்து இறுகவிட்டு, ஸ்பூன் முனையால் சுரண்டினால் சில்லுச் சில்லாக வரும். மிச்சத்துக்கு மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரி போட்டால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கழிவறை. இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு விருந்துக்கு மறுநாள், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கழிவறை ஆசிட்டை ஊற்றி, அது வேலை செய்யாத மாதிரி தோன்ற, மேலேயே ப்ளீச்சையும் ஊற்றினேன். ஜன்னல் மூடியிருந்தது. இரண்டு மூச்சுக்குள் நெஞ்சு எரிந்து, கண்ணீர் கொட்டி, கதவை மோதிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவத்தோடு சேர்த்தாலும் நச்சுவாயுதான். அன்றைக்கு முழுக்க இருமினேன். "வீட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னா ஆளையே காலி பண்ணிடுவே போல" என்று அக்கா திட்டியது இருமலைவிட அதிக நாள் நீடித்தது. இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான் அலமாரியிலிருந்து இறங்கும்.

உதவி செய்கிறேன் என்பவர்களை முன்பெல்லாம் "அய்யோ வேண்டாம், உட்காருங்க" என்று தடுப்பேன். இப்போது ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுகிறேன், ஆனால் எந்த வேலை என்பதை நானே சொல்கிறேன். டம்ளர் பொறுக்குவது, குப்பைப் பை கட்டுவது, நாற்காலி மடிப்பது. பாத்திரம் கழுவி அடுக்கும் வேலையைக் கொடுப்பதில்லை. பாசமான தோழி ஒருத்தி மொத்தத்தையும் கழுவித் துடைத்து, அவளுக்குத் தோன்றிய இடங்களில் எல்லாம் அடுக்கிவிட்டுப் போனாள். வடிகட்டியை ஐந்து வாரம் தேடினோம். இஸ்திரிப் பெட்டி வைக்கும் அலமாரியில் இருந்தது. ஏன் என்று அவளிடமும் கேட்டுவிட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை, விட்டுப்போன பொருள்களை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, வந்திருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். தோட்டுக்கு இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், மூக்குக் கண்ணாடிக் கூடு, சார்ஜர் வயர், எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். மரக் கைப்பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்றுக்கு மட்டும் யாரும் வரவில்லை. 22 பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். என்னுடையது இல்லை என்று 22 பேரும் சொல்கிறார்கள்.

"நம்மளோடதா இருக்குமோ?" என்று அக்கா இன்று காலை அதை விரித்துப் பார்த்தாள். எங்களுடையதும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது, அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.